அணைக்கட்டுக்குக் கீழேயும் ஆறு உண்டு

தமிழ்நாட்டின் நீர்வளத் துறையிலும் சென்னைக் குடிநீர் வாரியத்திலும் பணியாற்றும் பொறியாளர் பெருமக்களின் கவனத்திற்கு,

தொலைவிலுள்ள ஓர் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ பெருநகருக்கு நீர் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்படும்போது, நகரின் மக்கள்தொகை, தலைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் லிட்டர், குழாயின் விட்டம், நீரேற்று நிலையங்களின் திறன், கட்டுமானச் செலவு ஆகியவை மிகுந்த நுணுக்கத்துடன் கணக்கிடப்படுகின்றன. நீர் எடுக்கப்படும் இடத்துக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு எஞ்சும், அந்த எச்சத்தைக் கொண்டு கரையோரக் கிணறுகளும் கழிமுகமும் அவற்றை நம்பியிருக்கும் உழவரும் மீனவரும் எவ்வாறு வாழ்வர் என்ற கணக்குக்கு அதே அக்கறை பெரும்பாலும் கிடைப்பதில்லை. சென்னையின் குடிநீர் வரலாற்றில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாகத் தொடரும் இந்தக் குறையை எடுத்துரைக்கவும், அதைத் திருத்தும் கடமையும் அதிகாரமும் இத்துறைகளுக்கே உண்டு என்று நினைவூட்டவும் இம்மடல் எழுதப்படுகிறது.

ஆற்றுநீர் கடலை அடைந்தால் அது வீணாயிற்று என்னும் எண்ணம் தமிழ்நாட்டின் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் சட்டமன்ற உரைகளிலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. வெள்ளக் காலந்தோறும் எத்தனை டி.எம்.சி., அதாவது எத்தனை நூறு கோடி கன அடி, கடலுக்குப் போயிற்று என்பது இழப்புக் கணக்காகவே சொல்லப்படுகிறது. ஆனால் கடைசி மைலில் ஓடும் நீருக்குப் பணிகள் பல. ஆற்றுப்படுகையின் மணலுக்குள் இறங்கிக் கரையோர நீரூற்றுகளை நிரப்புவதும், நிலத்தடியில் உள்நோக்கித் தள்ளும் கடல்நீரை எதிர்த்து நிற்பதும், வண்டலைக் கொண்டுபோய்க் கரையில் சேர்ப்பதும், அலைகள் குவிக்கும் மணல்மேட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், இறாலின் குஞ்சுகளும் மடவையின் குஞ்சுகளும் வளர்வதற்கேற்ப உப்பும் நன்னீரும் கலந்த நிலையைக் கழிமுகத்தில் பேணுவதும் அந்த நீரே. இவை எதற்கும் மீட்டர் பொருத்தப்படுவதில்லை; ஆகவே இவை நின்றுபோனபோதும் எந்தப் பதிவேட்டிலும் இழப்பாக ஏறவில்லை.

கொசஸ்தலை ஆற்றின் கதை இதற்குச் சான்று. கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்த சென்னை நகருக்குத் தொலைவிலிருந்து நீர் கொண்டுவரும் முதல் பெருந்திட்டத்தை 1866-இல் ஃபிரேசர் என்னும் பொறியாளர் முன்வைத்தார். அதன்படி 1872-இல் தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டு, ஆற்றுநீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பியது. பின்னர் 1944-இல் அதே ஆற்றில் மேலும் மேற்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. நகரம் வளர்ந்த வேகத்தைப் பார்க்கும்போது இவ்விரு பணிகளையும் தவறு என்று சொல்வதற்கில்லை. கொள்ளைநோய்கள் அடிக்கடி தாக்கிய காலத்தில் அவை கொண்டுவந்த நீர் பல உயிர்களைக் காத்திருக்கும். தவறு வேறிடத்தில் உள்ளது. இந்தத் தேக்கங்களுக்குக் கீழே ஆற்றுக்கென்று ஓர் அளவு ஒதுக்கப்படவில்லை. வெள்ள உபரி திறக்கப்படும் நாட்கள் நீங்கலாக, ஆண்டின் பெரும்பகுதியில் பூண்டிக்குக் கிழக்கே கொசஸ்தலை ஒரு மணற்படுகையாகவே கிடக்கிறது. அந்த மணலும் பின்னர் அள்ளப்பட்டது.

கூவத்தின் அழிவுக்கும் இதே வரலாற்றில் ஒரு பங்கு உண்டு என்பது நகரவாசிகள் பலர் அறியாதது. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையின் நீர் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது; ஒரு பகுதி பூண்டியை நோக்கிச் செல்கிறது, மற்றொன்று கூவத்தில் விடப்படுகிறது. பூண்டி நகரின் குடிநீர்த் தேக்கமான பிறகு, அதை நிரப்புவதே முதல் கடமையாகி, கூவத்துக்கு மிச்சமே கிடைத்தது. அந்த மிச்சமும் கிழக்கே ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. இவ்வாறு இருமுறை வடிக்கப்பட்ட ஆறு, நகருக்குள் நுழையும்போது தன் சொந்த நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்திருக்கிறது. நகரத்தின் கழிவுநீரே அதன் ஓட்டமாகிறது. கழிவைக் கலப்பவர்கள் குற்றவாளிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் கழிவைக் கரைக்கவும், முகத்துவாரத்து மணல்மேட்டைத் தள்ளவும் வேண்டிய நீரை மேலேயே எடுத்துக்கொண்டுவிட்டு, கீழே கரைகளை அழகுபடுத்துவதற்கும் தூர்வாருவதற்கும் திட்டத்துக்கு மேல் திட்டம் தீட்டுவது நோயின் ஒரு பாதியை மட்டுமே பார்ப்பதாகும். கூவத்தைச் சீரமைப்பதாகச் சொல்லும் எந்த அறிக்கையும் கேசாவரத்து மதகுகளைப் பற்றிப் பேசாமல் முழுமை பெறாது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. மேலே ஆறு மறிக்கப்பட்டதன் விளைவும் கீழே நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டதன் விளைவும் அங்கே ஒன்றுசேர்ந்தன. ஆரணியாறும் கொசஸ்தலையும் சேர்ந்து அமைத்த வண்டல் படுகைக்கு அடியில் நன்னீர் வளம் மிகுந்த மணற்படிவங்கள் உள்ளன. 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன; அதைத் தொடர்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள், அதாவது ஆழ்குழாய்க் கிணறுகளின் தொகுதிகள், அமைக்கப்பட்டு நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் அனுப்பப்பட்டது. சுற்றியிருந்த உழவர்களின் மோட்டார்களும் அதே படிவத்திலிருந்தே நீர் இறைத்தன. கடலோர நிலத்தடியில் நன்னீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. இரண்டின் அடர்த்தி வேறுபாடு மிகச் சிறியதாதலால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரைத் தள்ளி நிறுத்தும் என்பது நிலநீரியலின் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கின் மறுபக்கம், மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே 40 மீட்டர் காப்பு பறிபோகும் என்பதாகும். ஆறு ஓடி நிரப்பிக்கொண்டிருந்தவரை இந்தச் சமநிலை தாங்கியது. ஆறு நின்று இறைப்பு பெருகியபோது உடைந்தது.

1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்புநீரின் முகப்பு, 1983-இல் 7 கிலோமீட்டருக்கும் 1987-இல் 9 கிலோமீட்டருக்கும் உள்ளே வந்துவிட்டதாகப் பதிவாகியுள்ளது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றப்பட வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பிறகும் வறட்சி ஆண்டுகளில் உழவர்களின் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கி நகருக்கு அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. நெல் விளைவிப்பதைவிடத் தண்ணீரை விற்பது அப்போதைக்கு இலாபமாக இருந்ததால் கிணறு உடையவர் சிலர் பயன்பெற்றனர். ஆனால் ஆழமில்லாத பக்கத்துக் கிணற்றுக்காரருக்கும், நிலமின்றிக் கூலி வேலையை நம்பியிருந்தவருக்கும் அந்த விலையில் ஒரு காசும் சேரவில்லை. நிலத்தடிப் படிவத்தில் ஒருமுறை புகுந்த உப்பு எளிதில் வெளியேறுவதில்லை. திருக்கண்டலம் போன்ற இடங்களில் எழுப்பப்பட்ட தடுப்பணைகள் நீரை நிறுத்தி ஊறச்செய்து ஓரளவு பயன் தருகின்றன; அவற்றைக் கட்டியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். எனினும் தடுப்பணைக்கும் ஆற்றில் நீர் வர வேண்டும். கடல்நீரை நன்னீராக்கும் சென்னையின் முதல் பெரிய ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுடன் கட்டப்பட்ட அந்த ஆலை அமைந்தது இதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில்தான். இயற்கை விலையின்றி உப்பை விலக்கி வைத்திருந்த இடத்திலேயே இப்போது மின்சாரம் செலவிட்டு உப்பை விலக்க வேண்டியிருக்கிறது என்பதைத் துறையினர் ஆழ்ந்து எண்ண வேண்டும்.

கொசஸ்தலை கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பொறுத்தவரை, அனல்மின் நிலையங்களின் சாம்பலும் துறைமுகங்களும் ஆக்கிரமிப்பும் செய்த கேடு பெரிது. அதை ஆற்றுத் திருப்பத்தின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. ஆயினும் வலுவான ஆற்றோட்டம் இருந்தால் தானே கழுவிச் செல்லக்கூடிய சேற்றில் ஒரு பகுதி இன்று அங்கேயே படிகிறது என்பதும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் மக்களின் வாழ்வு அதனோடு சேர்ந்தே சுருங்குகிறது என்பதும் மறுக்கவியலாதவை.

அருகிலுள்ள ஆறுகள் போதாமற்போனபோது நகரம் தொலைவை நாடியது. கிருஷ்ணா நதியிலிருந்து மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவை தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, ஆவியாகும் 3 டி.எம்.சி. போக 12 டி.எம்.சி. தமிழக எல்லையில் தரப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி 1983-இல் உடன்பாடு கையெழுத்தாகி, 1996-இல் ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, கண்டலேறு வழியாக நீர் பூண்டிக்கு வந்தது. கிருஷ்ணா இன்று நீரியலாளர்கள் மூடிய படுகை என்று அழைக்கும் நிலையை நெருங்கிய ஆறு. ஆண்டு முழுவதும் வரும் நீர் அனைத்தும் எடுப்புகளுக்கே சரியாகி, கடலுக்குச் செல்ல ஏறக்குறைய எதுவும் எஞ்சாத படுகையை அச்சொல் குறிக்கும். 2000-களின் தொடக்கத்து வறட்சியில் அந்நிலை நேரிலேயே காணப்பட்டது. அதற்கு முதற்காரணம் பாசன அணைகளே, சென்னையின் பங்கு சிறியது. ஆனால் ஏற்கெனவே வற்றிவரும் ஆற்றை நகரின் நிலையான நம்பிக்கையாகக் கொண்டதன் விளைவு, உடன்பட்ட அளவு வராத ஆண்டுகள் தோறும் தெரிந்தது.

வீராணம் வேறு வகையான பாடம். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசர் இராசாதித்தன் காலத்தில் வெட்டப்பட்டதாக அறியப்படும் அந்த ஏரி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீரைப் பெற்று, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பாசனம் தருகிறது. ஆயக்கட்டு என்பது ஓர் ஏரியின் மடைகளால் நீர் பெற உரிமையுள்ள நிலப்பரப்பு. அங்கிருந்து சென்னைக்கு நீர் கொண்டுசெல்ல 1960-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி முடங்கி, வாங்கிய பெருங்குழாய்கள் பல்லாண்டுகள் சாலையோரம் கிடந்தன. இறுதியில் 2004-இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு பயணம் செய்யத் தொடங்கியது. காவிரியில் நீர் வராத ஆண்டில் ஏரி வறளும். ஏரி வறண்டால் பாசனம் நிற்கும். உழவர் அந்தப் போகத்தைக் கைவிடுவர். குழாய் மட்டும் எதையும் கைவிடுவதில்லை. ஏரி வற்றியபோது அதே குழாயை நிரப்ப நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர்ப்படிவங்களில் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கப்பட்டன. அதாவது, ஓர் ஏரியின் மிகைநீருக்காகப் போடப்பட்ட குழாய், போட்டு முடிந்த பின் அந்த வட்டாரத்து நிலத்தடி நீரின் மேலும் உரிமை கொண்டாடத் தொடங்கியது. திட்டத்தின் பெயரில் இருந்ததோ ஏரி மட்டுமே.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய போக்கு அன்று என்பதைக் கலிஃபோர்னியாவின் வரலாறு மெய்ப்பிக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1913-இல் சுமார் 375 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் அமைத்து, மலைகளுக்கு அப்பாலுள்ள ஓவென்ஸ் ஆற்றை மின்விசை எதுவுமின்றிப் புவியீர்ப்பின் துணையாலேயே நகருக்குக் கொண்டுவந்தது. ஆறு சென்று சேர்ந்த உவர் ஏரி 1920-களின் நடுப்பகுதிக்குள் வறண்டது. உப்பும் நச்சு உலோகத் துகளும் கலந்த அதன் தரை, காற்று வீசும்போதெல்லாம் எழுந்து, அமெரிக்காவின் மிகக் கடுமையான தூசி மாசுக்குப் பிறப்பிடமாயிற்று. தூசியை அடக்க அந்நகரம் பின்னாளில் செலவிட நேர்ந்த தொகை 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 1970-இல் இரண்டாம் கால்வாய் வந்தபோது, அதை நிரப்ப ஆறு போதாமல் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. ஊற்றுகள் வற்றின, புல்வெளிகள் கருகின. வீராணத்துக் குழாயின் வழியும் அந்தக் கால்வாயின் வழியும் ஒன்றே.

அதே நகரம் 1941 முதல் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளையும் திருப்பியது. அடுத்த 40 ஆண்டுகளில் ஏரியின் மட்டம் சுமார் 14 மீட்டர் இறங்கி, கொள்ளளவு பாதியாகவும் உப்புச்செறிவு இரு மடங்காகவும் ஆயிற்று. ஏரி நடுவே இருந்த தீவு கரையோடு ஒட்டிக்கொண்டதால், கொயோட்டி என்னும் காட்டுநாய்கள் கடற்காகங்களின் கூடுகளை எட்டின. இது தொடர்பான வழக்கில் 1983-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பொது நம்பகக் கோட்பாட்டை நீர் உரிமைகளுக்கும் விரித்தது. ஆறு, ஏரி, கடற்கரை போன்றவற்றை அரசு உடைமையாளராக அன்றி மக்களுக்காகக் காக்கும் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது என்பதே அக்கோட்பாடு. நகருக்கு நீரே கூடாது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. நீர் ஒதுக்கும்போது ஏரியின் நலனை அரசு கருதியாக வேண்டும் என்றும், முன்பு கொடுத்த அனுமதிகளையும் மீண்டும் ஆராயும் கடமை அரசுக்குத் தொடர்ந்து உண்டு என்றும் சொன்னது. 1994-இல் ஏரிக்குரிய மட்டம் வரையறுக்கப்பட்டு, திருப்பும் அளவு குறைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் ஏரி அந்த மட்டத்தை எட்டவில்லை என்பது, எடுப்பது எளிது, மீட்பது அரிது என்பதை உணர்த்தும்.

இந்தத் தீர்ப்புக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு விடுதி தன் நிலத்தைக் காக்கத் திருப்பிய வழக்கில், எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் என்று அறியப்படும் 1996-ஆம் ஆண்டின் தீர்ப்பில், இந்திய உச்ச நீதிமன்றம் மோனோ ஏரி வழக்கை விரிவாக எடுத்தாண்டு, பொது நம்பகக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது. எனவே தமிழ்நாட்டின் நீர்வளத் துறை ஆறுகளின் பொறுப்பாளர் என்ற நிலையிலேயே இருக்கிறது. 1872, 1944, 1983, 2004 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் மீண்டும் ஆராயப்படக் கூடாதவை என்று எவரும் வாதிட இடமில்லை.

நகரம் குடிக்க வேண்டாமா என்ற கேள்வி உடனே எழும். அது நேர்மையான கேள்வி. 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் காவிரி நீர் வந்த கோடையைச் சென்னையின் எளிய மக்கள் மறக்க மாட்டார்கள். அந்நாட்களில் குடத்துடன் வரிசையில் நின்றவர்களின் துயரை இம்மடல் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் நகரம் அது. 2015-இல் அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மழைநீர்ச் சேகரிப்பை நாட்டிலேயே முன்னோடியாகக் கட்டாயமாக்கிய மாநிலமும் இதுவே. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் கழிவுநீரை மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படுத்தி, அதாவது வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் நுண்சவ்வுகள் வழியாக மேலும் வடித்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் இயங்குகின்றன. அவ்விரண்டின் திறனைக் கூட்டினால் வீராணம் குழாயின் அளவில் சரிபாதி வருகிறது. அந்த நீருக்காக எந்த ஆறும் வற்றவில்லை, எந்த ஆயக்கட்டும் தரிசாகவில்லை. அந்த ஆலைகளை நிறுவியது இதே குடிநீர் வாரியம் என்பதால், இயலாது என்று சொல்லும் நிலை இன்று இல்லை.

ஆகவே பொறியாளர் பெருமக்கள் முன் வைக்கப்படும் வேண்டுகோள் இது. பூண்டி, தாமரைப்பாக்கம், கேசாவரம், ஜமீன் கொரட்டூர் ஆகிய இடங்களின் மதகு இயக்க விதிகளில், ஆற்றின் உயிர்ச்சூழல் நிலைத்திருக்கத் தேவையான குறைந்த அளவு நீராகிய சூழல் நீரோட்டம் பருவம் வாரியாக வரையறுக்கப்பட்டு, நகரின் பங்குக்கு அடுத்த மிச்சமாக அல்லாமல் அதனோடு ஒப்ப வைக்கப்பட வேண்டும். திறக்கப்பட்ட அளவு நாள்தோறும் ஏரி மட்டத்துடன் சேர்த்து மக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். வீராணம் குழாய்க்கு வறட்சிக்கால விதி ஒன்று எழுதப்பட்டு, ஏரி குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் அந்த வட்டாரத்து நிலத்தடி நீரைக் கொண்டு அதை நிரப்பும் வழி அடைக்கப்பட வேண்டும். புதிதாக ஓர் ஆற்றை நாடும் எந்தத் திட்ட அறிக்கையும், எடுக்கும் இடத்துக்குக் கீழே கடல் வரை உள்ள ஊர்களின் ஊராட்சிகள் முன்பும் மீனவர் கிராமங்கள் முன்பும் படித்துக் காட்டப்படாமல் ஒப்புதல் பெறக்கூடாது. இவற்றுள் முதலாவதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மதகு இயக்க விதிகளில் கொசஸ்தலைக்கும் கூவத்துக்கும் உரிய அளவைத் துறையினர் எழுதிச் சேர்த்திடுக.